வால்வு சுருக்கம்: எக்கோ தாளைக் கையில் வைத்துக்கொண்டு முழிப்பவர்களுக்கு

அம்மாவின் இதய வால்வுக்காக முதலில் எடுத்த எக்கோவில் (ஒலியலையால் இதயத்தைப் படம்பிடிக்கும் சோதனை) 'மிதமான சுருக்கம்' என்று எழுதியிருந்தார்கள். மூன்று வாரம் கழித்து வேறோர் இடத்தில் எடுத்ததில் 'கடுமையான சுருக்கம்'. இருபத்தொரு நாளில் ஒரு வால்வு அவ்வளவு சுருங்காது என்பது எனக்கு அப்போது தெரியாது. தெரியாததால் ஒரு வாரம் தூக்கமில்லை. அதைவிடப் பெரிய தப்பு ஒன்றும் செய்தேன்: மனசுக்குப் பிடித்த தாளை மட்டும் கோப்பில் வைத்துக்கொண்டு, மற்றதை அலமாரியில் செருகிவிட்டேன். அடுத்துப் பார்த்த டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "இதுக்கு முன்னாடி எடுத்த எக்கோ எங்கே?"

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததும் அவர் ஒரே ஓர் அளவின் மேல் விரலை வைத்தார். இரண்டு இடத்திலும் மற்ற எண்கள் ஏறக்குறைய ஒன்றுதான். அந்த ஓர் அளவில் மட்டும் 3 மில்லிமீட்டர் வித்தியாசம். அம்மாவை 'மிதமான' பட்டியலிலிருந்து 'கடுமையான' பட்டியலுக்குத் தள்ளியது அந்த 3 மில்லிமீட்டர்தான். அது என்ன அளவு என்பது நான்காவது படியில் வரும்.

நான் டாக்டர் இல்லை. இதைப் படித்துவிட்டு மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். டாக்டர் முன்னால் உட்காரும் பத்து நிமிடத்தில் சரியான கேள்வியைக் கேட்க உதவினால் போதும்.

1. எந்த வால்வு என்று முதலில் பாருங்கள்

"வால்வுல பிரச்சினை" என்று மட்டும் சொல்லி அனுப்பினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். இதயத்தில் வால்வுகள் நான்கு. பெரியவர்களுக்குச் சுருக்கம் என்று பேச்சு வந்தால் பெரும்பாலும் இடப்பக்கத்து இரண்டில் ஒன்றாக இருக்கும்: அயோர்ட்டிக் அல்லது மைட்ரல். இரண்டுக்கும் அளவுகோல் வேறு வேறு. உதாரணத்துக்கு, சராசரி கிரேடியன்ட் (வால்வின் இரு பக்கமும் இருக்கும் அழுத்த வித்தியாசம்) 10 என்று தாளில் இருக்கிறது. அயோர்ட்டிக் வால்வில் அது லேசான சுருக்கம். மைட்ரலில் அதே 10 கவலைப்பட வேண்டிய எண்.

தாளில் 'ஸ்டெனோசிஸ்' என்றால் சுருக்கம். 'ரிகர்ஜிடேஷன்' என்றால் கசிவு. 'ஸ்கிளிரோசிஸ்' என்றால் இதழ் தடித்திருக்கிறது, இன்னும் அடைக்கவில்லை. ஒரே வால்வில் சுருக்கமும் கசிவும் சேர்ந்தே இருக்கலாம். இந்த மூன்று சொற்களையும் குழப்பிக்கொண்டு தொலைபேசியில் சொந்தக்காரர்களுக்குச் சொல்லி, ஊரையே கலக்கியவன் நான்.

அயோர்ட்டிக் வால்வு, இதயம் சுருங்கி ரத்தத்தை உடம்புக்குத் தள்ளும்போது திறக்கும் கதவு. முழுதாகத் திறந்தால் 3 முதல் 4 சதுர செ.மீ. வழி இருக்கும். அது பாதியாகக் குறைந்தாலும் உடம்புக்குப் பெரிதாகத் தெரியாது. அதற்குக் கீழே போகும்போதுதான் இதயம் திணறத் தொடங்கும். வெளியே ரத்த அழுத்தம் 120 இருக்க, வால்வில் 60 தடை இருந்தால், இதயத்தின் இடது கீழறை ஏறக்குறைய 180 அழுத்தத்தை உண்டாக்கித் தள்ள வேண்டும். கையில் பட்டை கட்டிப் பார்க்கும் கருவிக்கு அந்த 180 தெரியாது. வருடக்கணக்கில் இப்படித் தள்ளித் தள்ளிக் கீழறையின் சுவர் தடித்துப்போகும். தடித்த சுவர் விறைக்கும். விறைத்தால் ரத்தத்தை வாங்கிக்கொள்ளத் திணறும்.

மைட்ரல் வால்வு அதற்கு முந்தைய கதவு. நுரையீரலிலிருந்து வந்த ரத்தம் மேலறையிலிருந்து கீழறைக்கு இறங்கும் இடம். இயல்பில் 4 முதல் 6 சதுர செ.மீ. இது சுருங்கினால் பின்னால் இருப்பதெல்லாம் தேங்கும்: மேலறை வீங்கும், நுரையீரலில் அழுத்தம் ஏறும். படுத்தால் மூச்சுத் திணறுவது அதனால்தான். வீங்கிய மேலறையில் துடிப்பு தாளம் தப்பும்; தாளம் தப்பிய அறையில் ரத்தம் உறையும்; உறைந்த கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். அளவு என்னவென்று பார்ப்பதற்கு முன்பே இந்தச் சங்கிலியைப் புரிந்துகொள்வது நல்லது.

காரணத்தையும் கேட்டு வையுங்கள். வயதானதால் சுண்ணாம்பு படிந்ததா, சிறு வயதில் வந்த வாதக் காய்ச்சலா, பிறவியிலேயே மூன்று இதழுக்குப் பதில் இரண்டு இதழா? கடைசியாகச் சொன்னதாக இருந்தால் பெற்றோர், உடன்பிறந்தவர்கள், பிள்ளைகள் ஆகியோருக்கும் ஒரு முறை எக்கோ எடுத்துப் பார்க்கச் சொல்வார்கள். வாதக் காய்ச்சல் என்றால் மறுபடி வராமலிருக்க மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை பென்சிலின் ஊசியை நீண்ட காலம் போட வேண்டியிருக்கலாம்.

2. உடம்பு சொல்வதைத் தாளில் எழுதுங்கள்

இந்த வேலைக்குச் செலவே இல்லை. ஆனால் முடிவு பெரும்பாலும் இதில்தான் தொங்குகிறது. அயோர்ட்டிக் சுருக்கம் கடுமையாக இருந்து, கூடவே நெஞ்சுவலி, வேலை செய்யும்போது மயக்கம், மூச்சு வாங்குதல் என மூன்றில் ஒன்று வந்துவிட்டாலும் கதை மாறிவிடும். அறிகுறி தொடங்கிய பிறகு வால்வைச் சரிசெய்யாமல் விட்டால் ஆயுள் வருடக்கணக்கில்தான் இருக்கும், அதுவும் ஒற்றை இலக்கத்தில். அதனால்தான் டாக்டர்கள் "மூச்சு வாங்குதா?" என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. அம்மாவைக் கேட்டால், "எனக்கு ஒண்ணும் இல்லை." உண்மைதான். மாடிக்கு ஏறுவதையே ஒரு வருடத்துக்கு முன் நிறுத்திவிட்டவருக்கு எப்படி மூச்சு வாங்கும்? ஆகவே "மூச்சு வாங்குதா" என்று கேட்காதீர்கள். "போன வருஷம் செய்ததில் இப்போ எதைச் செய்யறதில்லை?" என்று கேளுங்கள். எத்தனை படி ஏறியதும் நிற்கிறார், எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறார், இரவில் எழுந்து உட்காருகிறாரா, தலைசுற்றல் உட்கார்ந்திருக்கும்போது வருகிறதா நடக்கும்போது வருகிறதா? தேதியோடு எழுதுங்கள்.

நடக்கும்போது மயங்கி விழுந்தாலோ, படுக்க முடியாமல் மூச்சுத் திணறினாலோ குறிப்பெழுதிக்கொண்டிருக்கக் கூடாது. அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் மாத்திரை வீட்டில் இருக்கிறதே என்று கொடுத்துவிடவும் வேண்டாம். கடுமையான அயோர்ட்டிக் சுருக்கத்தில் அது ரத்த அழுத்தத்தைச் சட்டென்று இறக்கிவிடலாம். கொடுக்கலாமா என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

ஸ்டெதாஸ்கோப்பில் கேட்கும் முணுமுணுப்பு சத்தமாக இருந்தால் அடைப்பு அதிகம், மெல்ல இருந்தால் குறைவு என்று ஒரு நம்பிக்கை உண்டு. அப்படி இல்லை. இதயம் சோர்ந்துபோனால் ரத்த ஓட்டமே குறைந்து சத்தமும் அடங்கிவிடும்.

3. எக்கோவுக்குப் போகும் நாள்

கோப்பில் இருக்க வேண்டியவை: பழைய எக்கோ தாள்கள் எல்லாமும் (பிடிக்காததும் சேர்த்து), ஈசிஜி, சமீபத்திய ரத்தப் பரிசோதனை, சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல், இரண்டாவது படியில் எழுதிய குறிப்பு. முன்பு வால்வுக்கு பலூனோ (சுருங்கிய வால்வைக் குழாய் வழியாகப் பலூன் விட்டு விரிப்பது) அறுவையோ செய்திருந்தால் அந்த டிஸ்சார்ஜ் தாள்.

சாதாரண எக்கோவுக்குப் பட்டினி தேவையில்லை. வால்வுக்காக எடுக்கும் எக்கோ நிதானமாகச் செய்தால் அரை மணி முதல் முக்கால் மணி நேரம் பிடிக்கும். ஐந்து நிமிடத்தில் எழுந்திருக்கச் சொன்னால் கொஞ்சம் சந்தேகப்படலாம். அயோர்ட்டிக் வால்வு என்றால் விலாப் பக்கம் மட்டுமல்லாமல், மார்பின் வலப்பக்கத்திலும் கழுத்துக்குக் கீழேயும் கருவியை வைத்துப் பார்க்க வேண்டும். வேகம் எந்தத் திசையில் மிக அதிகமாகக் கிடைக்கிறதோ அதுதான் கணக்கு. ஒரே கோணத்தில் பார்த்து நிறுத்திவிட்டால் வேகம் குறைவாகக் காட்டும். கூடுதலாகக் காட்டுவது அரிது.

படுக்கும் முன் உயரம், எடை, ரத்த அழுத்தம் மூன்றையும் எடுக்கச் சொல்லுங்கள். அவை தாளிலும் ஏற வேண்டும். சின்ன உடம்புக்காரருக்கு 0.9 சதுர செ.மீ. போதுமானதாக இருக்கலாம், பெரிய உடம்புக்குப் போதாது. ரத்த அழுத்தம் எகிறியிருக்கும்போது எடுத்தால் கிரேடியன்ட் குறைந்து காட்டி ஏமாற்றும். அழுத்தம் கட்டுக்குள் இருக்கும் நாளில் எடுப்பது நல்லது. காய்ச்சல், ரத்தசோகை, தைராய்டு அதிகமாகச் சுரப்பது ஆகியவை எதிர்த்திசையில் ஏமாற்றும்: ரத்தம் வேகமாக ஓடுவதால் கிரேடியன்ட் ஏறித் தெரியும்.

இதெல்லாம் ஏன்? தண்ணீர் ஓடும் குழாயின் வாயைக் கட்டைவிரலால் பாதி மூடினால் பீய்ச்சி அடிக்கிறது. எவ்வளவு மூடியிருக்கிறீர்கள் என்பதைப் பீய்ச்சும் வேகத்தை வைத்தே கணிக்கிறார்கள். ஆனால் வேகம் விரலால் மட்டும் வருவதில்லை, தொட்டியிலிருந்து எவ்வளவு தண்ணீர் வருகிறது என்பதாலும் வருகிறது. கீழே வரப்போகும் எல்லாக் குழப்பத்துக்கும் மூலம் இதுதான்.

கிளம்பும்போது தாளோடு படப்பதிவையும் வாங்கிக்கொள்ளுங்கள். அன்றைக்கே கேட்டால் எளிதாகக் கிடைக்கும், ஆறு மாதம் கழித்து அலைய வேண்டியிருக்கும். பதிவு இருந்தால் இன்னொரு டாக்டர் திரும்ப அளந்து பார்க்கலாம். இன்னொரு எக்கோவுக்கான செலவு மிச்சம்.

4. அயோர்ட்டிக் வால்வு: மூன்று எண்களைச் சேர்த்துப் படியுங்கள்

முதல் எண், உச்ச வேகம். தாளில் 'வி-மேக்ஸ்' என்று இருக்கும். விநாடிக்கு 2 முதல் 2.9 மீட்டர் வரை லேசானது, 3 முதல் 3.9 வரை மிதமானது, 4-ம் அதற்கு மேலும் கடுமையானது. 5-ஐத் தொட்டால் மிகக் கடுமை.

இரண்டாவது, சராசரி கிரேடியன்ட். வால்வுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கும் அழுத்த வித்தியாசத்தின் சராசரி, மில்லிமீட்டர் பாதரசத்தில். 20-க்குக் கீழே லேசானது, 20 முதல் 39 வரை மிதமானது, 40-ம் அதற்கு மேலும் கடுமை.

மூன்றாவது, வால்வின் திறப்புப் பரப்பு, 'ஏவிஏ'. 1.5 சதுர செ.மீ.க்கு மேல் லேசானது, 1-க்கு மேல் 1.5 வரை மிதமானது, 1-ம் அதற்குக் கீழும் கடுமை. உடம்பின் அளவுக்கு ஏற்ப வகுத்தும் போடுவார்கள். அந்தக் கணக்கில் 0.6 எல்லை.

வேகத்திலிருந்து கிரேடியன்ட் வருவது எளிய கணக்கு. வேகத்தை வேகத்தாலேயே பெருக்கி, அதை நான்கால் பெருக்க வேண்டும். வேகம் 3 என்றால் 36. வேகம் 4 என்றால் 64. வேகம் 5 என்றால் 100. வேகத்தில் சின்ன ஏற்றம், அழுத்தத்தில் பெரிய ஏற்றம். ஆனால் இப்படி வருவது உச்ச கிரேடியன்ட், சராசரி அல்ல. தாளில் இரண்டும் அடுத்தடுத்து இருக்கும். "40-ஐத் தாண்டிடுச்சே, ரொம்பத் தாண்டிடுச்சே" என்று நான் பதறியது உச்ச எண்ணைப் பார்த்து. 40 என்ற எல்லை சராசரிக்கு உரியது. ரத்தக்குழாய் வழியாக இதயத்துக்குள் வடிகுழாய் விட்டு நேரடியாக அளக்கும்போது சொல்லும் உச்ச வித்தியாசமும் எக்கோவின் உச்சமும்கூட ஒன்றல்ல. எக்கோவில் அது கூடுதலாகவே இருக்கும், எதுவும் திடீரென்று குறைந்துவிட்டதாக அர்த்தமில்லை.

இப்போது அந்த 3 மில்லிமீட்டர் கதை. திறப்புப் பரப்பை எக்கோ நேரடியாக அளப்பதில்லை, கணக்கிடுகிறது. வால்வுக்குச் சற்றுக் கீழே இருக்கும் வாய்க்காலின் விட்டத்தை அளப்பார்கள். தாளில் 'எல்விஓடி விட்டம்'. அதிலிருந்து வாய்க்காலின் பரப்பு. அங்கே ரத்தம் ஓடும் வேகம், வால்வில் ஓடும் வேகம், இரண்டுக்கும் உள்ள விகிதம். பரப்பை விகிதத்தால் பெருக்கினால் வால்வின் திறப்பு. உள்ளே வந்த ரத்தம்தானே வெளியே போக வேண்டும் என்ற கணக்கு.

அம்மாவின் விகிதம் இரண்டு இடத்திலும் 0.26. முதல் இடத்தில் வாய்க்காலின் விட்டம் 2.3 செ.மீ. என்று அளந்தார்கள், பரப்பு 4.15; அதை 0.26-ஆல் பெருக்கினால் 1.08. மிதமானது! இரண்டாவது இடத்தில் விட்டம் 2.0, பரப்பு 3.14, பெருக்கினால் 0.82. கடுமையானது! விட்டத்தில் வரும் பிழை, கணக்கில் இரண்டு முறை பெருக்கப்படுகிறது. சுண்ணாம்பு படிந்த மங்கலான படத்தில் 3 மில்லிமீட்டர் தப்புவது பெரிய அதிசயமில்லை.

ஆகவே ஒவ்வொரு எக்கோவிலும் இந்த விட்டம் என்ன என்று தனியாக எழுதி வையுங்கள். பெரியவர்களுக்கு அது வருடத்துக்கு வருடம் மாறுவதில்லை. ஒரு தாளில் 2.3, அடுத்ததில் 2.0 என்று இருந்தால் மாறியது வால்வு அல்ல, அளவு. விட்டம் சேராத அந்த விகிதத்தையும் கேளுங்கள்; அதற்கும் ஓர் எல்லை உண்டு. 0.25-க்குக் கீழே போனால் கடுமை. அம்மாவின் 0.26 எல்லைக்கோட்டில் நிற்கிறது என்பதை இரண்டு தாளுமே சொல்லியிருந்தன. யாரும் படிக்கவில்லை, நானும்தான்.

துடிப்பு தாளம் தப்புபவர்களுக்கு ஒரு துடிப்பை மட்டும் அளந்து எண் போடக் கூடாது. பல துடிப்புகளை அளந்து சராசரி எடுக்க வேண்டும்.

5. எண்கள் ஒன்றோடொன்று ஒத்துவராவிட்டால்

இதுதான் பலர் மாட்டிக்கொள்ளும் இடம். பரப்பு 0.8, கடுமை என்கிறது. சராசரி கிரேடியன்ட் 28, மிதம் என்கிறது. எதை நம்புவது? நல்லதைச் சொல்வதை நம்பிவிட்டு வீட்டுக்குப் போகத் தோன்றும். போகாதீர்கள்.

முதலில் அளவில் பிழையா என்று பார்க்க வேண்டும்: விட்டம், கருவி வைத்த கோணம், அன்றைய ரத்த அழுத்தம், உடம்பின் அளவு. இவை எல்லாம் சரி என்றால் அடுத்த சந்தேகம் தொட்டியின் மேல்: ரத்த ஓட்டமே குறைவாக இருக்கிறதா? ஒரு துடிப்பில் வெளியேறும் ரத்தம், உடம்பின் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 35 மி.லி.க்குக் கீழே இருந்தால் குறைந்த ஓட்டம் என்பார்கள். குறைந்த ஓட்டத்தில் வால்வு உண்மையிலேயே கடுமையாக அடைத்திருந்தாலும் பீய்ச்சல் இருக்காது.

இதற்கு இரண்டு வழியில் காரணம் இருக்கலாம். ஒன்று, இதயம் சோர்ந்து ஈஎஃப் (கீழறையில் இருக்கும் ரத்தத்தில் ஒரு துடிப்பில் வெளியேறும் பங்கு) 50 சதவீதத்துக்குக் கீழே போயிருக்கலாம். அப்போது டோபுடமின் என்ற மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றி, இதயத்தை முடுக்கிவிட்டு எக்கோ எடுத்துப் பார்ப்பார்கள். ஓட்டம் கூடியதும் வேகம் 4-க்கு ஏறி, பரப்பு 1-க்குக் கீழேயே நின்றால் வால்வு நிஜமாகவே அடைத்திருக்கிறது. ஓட்டம் கூடியதும் பரப்பும் விரிந்தால், இதயம் பலவீனமாக இருந்ததால் இதழ்கள் சரியாகத் திறக்கவில்லை, அவ்வளவுதான். ஓட்டமே கூடவில்லை என்றால் இந்தச் சோதனை பதில் தராது.

இரண்டாவது வகை இன்னும் தந்திரமானது. ஈஎஃப் 60 சதவீதம், தாளில் பார்க்க ஜோர். ஆனால் தடித்த சுவரால் கீழறை சிறுத்து, உள்ளே கொள்ளும் ரத்தமே குறைவு. சிறிய பாத்திரத்தின் அறுபது சதவீதம் எவ்வளவு இருக்கும்? வயதானவர்களிடம், நெடுநாள் ரத்த அழுத்தம் உள்ளவர்களிடம் இதைப் பார்க்கலாம். 'ஈஎஃப் நார்மல், பயப்பட ஒன்றுமில்லை' என்று யாராவது சொன்னால், ஓட்டம் எவ்வளவு என்று பணிவாக ஒரு கேள்வி கேட்டு வையுங்கள்.

இங்கே கைகொடுப்பது சுண்ணாம்பு அளக்கும் சிடி ஸ்கேன். வால்வில் எவ்வளவு சுண்ணாம்பு படிந்திருக்கிறது என்று ஒரு மதிப்பெண் தரும். ரத்தம் எவ்வளவு ஓடுகிறது என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அதுதான் இதன் பலம். நிறமருந்து ஊசி தேவையில்லை, சில நிமிட வேலை. ஆண்களுக்கு 2000-க்கு மேல், பெண்களுக்கு 1200-க்கு மேல் இருந்தால் கடுமையான சுருக்கமாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆண் பெண் எல்லை வேறு என்பதை மறக்காதீர்கள். அம்மாவுக்கு வந்த 1500-ஐ ஆண்களின் எல்லையோடு ஒப்பிட்டு நான் ஒரு மாலை முழுதும் சந்தோஷமாக இருந்தேன். வாதக் காய்ச்சலால் சுருங்கிய வால்வுக்கு இந்த மதிப்பெண் அவ்வளவாக உதவாது. அங்கே இதழ்கள் ஒட்டிக்கொள்வதுதான் பிரச்சினை, சுண்ணாம்பு குறைவாகவே இருக்கலாம்.

6. மைட்ரல் வால்வு: துடிப்பு எண்ணிக்கை இல்லாமல் எண்ணைப் படிக்காதீர்கள்

இங்கே பரப்புதான் ராஜா. 1.5 சதுர செ.மீ. அல்லது அதற்குக் கீழே கடுமை. 1-ம் அதற்குக் கீழும் மிகக் கடுமை. அயோர்ட்டிக்கில் 1.4 என்றால் மிதம், இங்கே 1.4 என்றால் கடுமை. முதல் படியில் சொன்னது இதற்காகத்தான்.

பரப்பை இரண்டு விதமாக எடுப்பார்கள். வால்வின் வாயைப் படத்தில் நேராகப் பார்த்து ஓரத்தைக் கோடிட்டு அளப்பது ஒன்று. நன்றாகப் படம் கிடைத்தால் இதையே நம்பலாம். மற்றது 'பி.எச்.டி.' முனைவர் பட்டம் இல்லை. உச்ச அழுத்த வித்தியாசம் பாதியாகக் குறைய எடுக்கும் நேரம், மில்லிவிநாடியில். 220-ஐ அந்த நேரத்தால் வகுத்தால் பரப்பு. 110 என்றால் 2 சதுர செ.மீ., 220 என்றால் 1. பலூன் போட்ட ஓரிரு நாளில், அயோர்ட்டிக் வால்வு அதிகம் கசிபவர்களிடம், கீழறை விறைத்த முதியவர்களிடம் இந்தக் கணக்கு தப்பும்.

சராசரி கிரேடியன்ட் 5 முதல் 10, அதற்கு மேலும் என்றால் கடுமைக்கு ஒத்துப்போகிறது என்பார்கள். ஆனால் துடிப்பு எத்தனை என்று பக்கத்தில் எழுதாத கிரேடியன்ட்டுக்கு மதிப்பில்லை. மைட்ரல் வால்வு வழியாக ரத்தம் இறங்குவது இதயம் ஓய்வெடுக்கும் நேரத்தில். துடிப்பு 60-இலிருந்து 110-க்கு ஏறினால் அந்த ஓய்வு நேரம்தான் வெகுவாகச் சுருங்குகிறது. குறைந்த நேரத்தில் அதே ரத்தம் இறங்க வேண்டும், அழுத்தம் ஏறிவிடும். அதனால்தான் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை கொடுக்கிறார்கள். காய்ச்சல் வந்தாலோ திடீரென்று தாளம் தப்பினாலோ அதுவரை நன்றாக இருந்தவர் மூச்சுத் திணறுகிறார். கர்ப்பத்தில் ரத்த அளவும் துடிப்பும் சேர்ந்தே ஏறும் என்பதால், குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் அதற்கு முன்பே எக்கோ எடுத்து, இதய டாக்டரிடம் பேசிவிட வேண்டும். இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

படுத்திருக்கும்போது எண்கள் சுமாராக இருந்து, நடந்தால் மட்டும் மூச்சு வாங்குகிறது என்றால் உடற்பயிற்சியோடு எக்கோ எடுக்கச் சொல்லலாம். உழைப்பில் சராசரி கிரேடியன்ட் 15-ஐத் தாண்டினால் அது சும்மா வந்த மூச்சுத் திணறல் அல்ல. நுரையீரல் அழுத்தமும் தாளில் இருக்கும். 50-க்கு மேல் என்றால் கவனம்.

பலூன் பற்றிப் பேச்சு வந்தால் இதழின் அசைவு, தடிப்பு, சுண்ணாம்பு, கீழே தாங்கும் நாண்களின் நிலை ஆகிய நான்குக்கும் 1 முதல் 4 வரை மதிப்பெண் போடுவார்கள். கூட்டுத்தொகை 8 அல்லது குறைவு என்றால் பலூனுக்கு ஏற்ற வால்வு. மேலறையில் ரத்தக்கட்டி இருந்தாலோ கசிவு அதிகம் இருந்தாலோ பலூன் கிடையாது. கட்டியைப் பார்க்க உணவுக்குழாய் வழியாக எடுக்கும் எக்கோ வேண்டும்.

வாதக் காய்ச்சலால் வந்த மைட்ரல் சுருக்கத்தோடு தாளமும் தப்பியிருந்தால் ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் கொடுப்பார்கள். "புது மாத்திரை இருக்கே, அதுக்கு அடிக்கடி ரத்தம் குத்த வேண்டாமே" என்று பக்கத்து வீட்டார் சொல்லி மாற்றிக்கொள்ளக் கூடாது. இந்த நிலைமையில் பழைய வார்ஃபரின்தான் பொருந்தும். ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை எண்) 2-க்கும் 3-க்கும் இடையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

7. அடுத்தடுத்த சோதனைகள்: செலவு, நேரம், முன்னேற்பாடு

எதை எதற்காக எடுக்கிறார்கள் என்று தெரிந்தால் தேவையில்லாத செலவு குறையும். மலிவிலிருந்து வரிசையாகச் சொன்னால்: சாதாரண எக்கோ, பிறகு உடற்பயிற்சிச் சோதனை அல்லது டோபுடமின் எக்கோ, உணவுக்குழாய் எக்கோ, சிடி, கடைசியில் வடிகுழாய். இந்த வரிசை இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும். பணம் கட்டும் முன், சொல்லும் தொகையில் டாப்ளர் (எக்கோவில் ரத்தம் ஓடும் வேகத்தை அளக்கும் பகுதி) சேர்ந்திருக்கிறதா, படப்பதிவு சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். காப்பீடு இருந்தால் சில சோதனைகளுக்கு முன் அனுமதி வாங்க வேண்டியிருக்கும். அதற்கு டாக்டரின் கடிதத்தில் வெறும் 'வால்வு நோய்' என்று இல்லாமல் எண்களும் அறிகுறியும் இருந்தால் கேள்வி குறையும்.

உடற்பயிற்சிச் சோதனை, கடுமையான அயோர்ட்டிக் சுருக்கம் இருந்தும் அறிகுறி இல்லை என்பவர்களுக்கு. அதுவும் டாக்டர் பக்கத்தில் இருக்கும்போது. அறிகுறி ஏற்கெனவே இருப்பவர்களை நடக்கவிட்டுப் பார்ப்பது ஆபத்து. அப்படிச் சீட்டு வந்தால் அறிகுறியைச் சொல்லி மறுபடி கேளுங்கள்.

உணவுக்குழாய் எக்கோவுக்குச் சுமார் ஆறு மணி நேரம் பட்டினி, மயக்க மருந்து, கூட ஒருவர். அன்றைக்கு வண்டி ஓட்டக் கூடாது. நிறமருந்து போட்டு எடுக்கும் சிடிக்கும் வடிகுழாய்க்கும் முன்பு சிறுநீரகச் சோதனையான கிரியேட்டினின் முடிவு கேட்பார்கள். முந்தைய நாள் ஓடுவதற்குப் பதில் முன்கூட்டியே எடுத்துவிடலாம்.

வால்வு மாற்றுவது என்று முடிவானால் பல் டாக்டரைப் பாருங்கள். சொத்தைப் பல்லிலிருந்து கிருமி புது வால்வில் போய் உட்காரும் என்பதால் முதலில் வாயைச் சரிசெய்யச் சொல்வார்கள். பல் பிடுங்கி ஆறும் வரை தேதி தள்ளிப்போகும். எங்களுக்கு இரண்டு வாரம் அதில்தான் போனது.

8. மறுபடி எப்போது எக்கோ

அயோர்ட்டிக்: லேசானது என்றால் 3 முதல் 5 வருடத்துக்கு ஒரு முறை, மிதமானது 1 முதல் 2 வருடம், கடுமையானது ஆனால் அறிகுறி இல்லை என்றால் 6 முதல் 12 மாதம். மைட்ரல்: பரப்பு 1.5-க்கு மேல் 3 முதல் 5 வருடம், 1-க்கும் 1.5-க்கும் இடையில் 1 முதல் 2 வருடம், 1-க்குக் கீழே வருடா வருடம். புதிதாக ஏதாவது அறிகுறி வந்தால் இந்தக் கணக்கெல்லாம் ரத்து, உடனே போக வேண்டும்.

அயோர்ட்டிக் சுருக்கம் சராசரியாக வருடத்துக்கு 0.1 சதுர செ.மீ. பரப்பைத் தின்னும், வேகத்தை 0.3 மீட்டர் ஏற்றும். ஆளுக்கு ஆள் இது மிகவும் மாறும், சுண்ணாம்பு அதிகம் படிந்தவர்களுக்கு வேகம் கூடுதல். எனவே முடிந்தவரை ஒரே இடத்தில், ஒரே மாதிரி அளப்பவர்களிடம் எடுங்கள்.

இந்தச் சுருக்கத்தை நிறுத்தவோ கரைக்கவோ மாத்திரை இல்லை. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் இதையும் மெதுவாக்கும் என்று நம்பிப் பரிசோதித்துப் பார்த்தார்கள், நடக்கவில்லை. வேறு காரணத்துக்காகக் கொடுத்திருந்தால் அதற்காகத் தொடர்ந்து சாப்பிட வேண்டியதுதான். சுண்ணாம்பைக் கரைக்கிறேன் என்று யாராவது எதையாவது விற்றால் வாங்காதீர்கள். எலும்புக்குச் சாப்பிடும் கால்சியத்தைப் பயத்தில் நீங்களே நிறுத்திவிடவும் வேண்டாம், டாக்டரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

கண்புரையோ இடுப்பெலும்போ, வேறு எந்த அறுவைக்குப் போனாலும் மயக்க மருந்து கொடுப்பவரிடம் வால்வு சுருக்கம் இருக்கிறது என்று முதலிலேயே சொல்லி, கடைசி எக்கோவைக் காட்டுங்கள்.

9. டாக்டர் முன்னால் கேட்க வேண்டியவை

ஒரு துண்டுத் தாளில் எழுதி எடுத்துப்போங்கள், உள்ளே போனதும் மறந்துவிடும். மூன்று எண்களும் ஒரே கதையைச் சொல்கின்றனவா? இல்லையென்றால் ஏன்? வாய்க்காலின் விட்டம் போன முறை எவ்வளவு, இந்த முறை எவ்வளவு? ஓட்டம் குறைவா? ஈஎஃப் எவ்வளவு, போன முறையைவிட இறங்கியிருக்கிறதா? கடுமையான அயோர்ட்டிக் சுருக்கத்தில் ஈஎஃப் 50-க்குக் கீழே இறங்கிவிட்டால் அறிகுறி இல்லாவிட்டாலும் வால்வை மாற்றச் சொல்வார்கள். அம்மாவுடைய மூச்சுத் திணறலுக்கு வால்வுதான் காரணமா, நுரையீரலா, ரத்தசோகையா? மாற்றுவது என்றால் மார்பைத் திறந்தா, தொடை ரத்தக்குழாய் வழியாகவா; எங்கள் வயதுக்கும் உடம்புக்கும் எது, ஏன்?

பதில்களை அங்கேயே, அந்தத் தாளிலேயே எழுதிக்கொள்ளுங்கள். கீழே தேதி. பிறகு அதைக் கோப்பில் வையுங்கள், அலமாரியில் அல்ல.